எதிரிக்கு வந்த ஜாடை

பேனர்காரர் வரைந்த முதல் எதிரிச் சிப்பாயைப் பார்த்துவிட்டு விளம்பரப் பிரிவு அதிகாரி கேட்டார்: "இவன் ஏன்யா பசியோட நிக்கறான்?"

பன்னிரண்டு அடி உயரத் துணி. பல் இருந்தது, சிவந்த கண் இருந்தது, கையில் துப்பாக்கியும் காலடியில் எரிகிற வீடும் இருந்தன. எல்லாம் இருந்தும் முகத்தில் மதியச் சாப்பாடு கிடைக்காதவனின் வாட்டம்தான் தெரிந்தது.

"கோபமாத்தான் வரைஞ்சேன் ஐயா," என்றார் பேனர்காரர்.

"கோபமா? இவனைப் பாத்தா என் வீட்டுக்காரி உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு சாப்பாடு போடுவா. ஜனங்க காறித் துப்பணும்யா. நாளை மறுநாள் வருவேன்."

துணிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேனர்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதெல்லாம் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவளுக்குப் பட்டறையில் பெயர் கட்டக்காரி. கட்டம் இல்லாமல் பேனர் இல்லை. கையகலப் புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட வேண்டும். சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டி, துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட வேண்டும். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், கையளவு நடிகன் மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நிற்பான். முதல் கட்டத்தில் தொடங்கி வரிசை தப்பாமல் வர வேண்டும். நடுவில் ஒன்றைத் தாவினால் படம் கோணிக்கொள்ளும். பதினாறு வருஷமாக நூல் அவள் கையில், தூரிகை அவர் கையில். போர் வந்து சினிமாக் கொட்டகையை மூடியதும், கொட்டகைக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய பட்டறையை ஆளோடும் ஏணியோடும் சேர்த்து விளம்பரப் பிரிவு எடுத்துக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், எதிரிக்குப் புகைப்படம் இல்லை. ஊரில் அவனை நேரில் பார்த்தவரும் இல்லை. அவன் போட்ட குண்டைப் பார்த்திருந்தார்கள், குண்டு விழுந்த இடத்தைப் பார்த்திருந்தார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. பேனர்காரருக்கோ படம் பார்க்காமல் வராது. மனத்திலிருந்து வரைந்தால், யாரை வரைந்தாலும் பசித்த ஒரு மனுஷன்தான் வந்து நின்றான்.

அன்று மதியம் அவள் தம்பி சாப்பிட வந்தான். தண்ணீர் வாரியத்தில் குழாய் பழுது பார்க்கிறவன். ஒரு பக்கம் வளைந்த நீள மூக்கு, நடுவில் சேர்ந்துகொண்ட புருவம். அவனை மூக்கன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஞாபகமறதியில் சம்பளப் பட்டியலிலேயே அப்படி எழுதிவிட்டதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

"என்ன மாமா, மூஞ்சில ஈயாடல?"

"எதிரி கிடைக்கலடா மச்சான்."

"வீட்டுலயே ஒண்ணக் கட்டி வெச்சிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு வெளிய தேடறீங்க?"

கட்டக்காரி சுண்ணப்பொடி மூட்டையை அவன் மேல் எறிந்தாள். அவன் வெள்ளையாக நின்றபடி சட்டைப்பையைத் துழாவி ஒரு புகைப்படத்தை எடுத்தான். போர்க்கால அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்தது. ஒன்று அட்டையில் ஒட்டப்பட்டுவிட்டது, இது மிச்சப் பிரதி. கண் சிமிட்டக் கூடாது என்று போட்டோக்காரர் அதட்டிய அதட்டலில், கொலை செய்யப் போகிறவனைப் போல முறைத்துக்கொண்டிருந்தான்.

"இதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. வேணும்னா வெச்சுக்கங்க. ஆனா ரெண்டு பேரும் எனக்கு ஒரு வேளை சாப்பாடு தரணும்."

"அதான் தினமும் தின்னுட்டுப் போறியே," என்றாள் அக்கா.

"தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?" என்று பேனர்காரர் தயங்கினார்.

அவள்தான் சொன்னாள். "மூக்குக் கட்டத்தை அரைக் கட்டம் அகட்டிப் போடறேன். ஒரு கட்டம் மாறினா ஆளே மாறிடுவான்."

அப்படித்தான் மாறும், வேறு யார் வரைந்தாலும். ஆனால் பேனர்காரருக்கு ஊரில் இருந்த பெயரே ஜாடைக்காகத்தான். பல் நீண்டது, கண் சிவந்தது, மூக்கு அகன்றது. அத்தனைக்கும் அடியில் மூக்கன் மூக்கனாகவே முறைத்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி வந்து பார்த்தார். பிறகு தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார்.

"இவன்தான்யா," என்றார்.

*

ஒரு மாதத்தில் அந்த முகம் நாற்பது இடத்தில் தொங்கியது. அச்சடித்து ரொட்டிக்கடைக் கதவிலும் ஒட்டினார்கள். முதலில் மூக்கனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பேனருக்குக் கீழே போய் நின்று அதே போல முறைத்துக் காட்டுவான். கூட வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் குழாய் சரிசெய்யப் போன வீட்டில், கதவைத் திறந்த பெண் வீறிட்டு அலறிவிட்டாள். அட்டையைக் காட்டி, வாரியத்தின் பெயரைச் சொல்லி, கடைசியில் மேற்பார்வையாளரை வரவழைத்துத்தான் அவளைச் சமாதானப்படுத்த முடிந்தது. அடுத்த வாரம் இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை. தெருக்குழாயடியில் முதுகில் ஒரு கல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, என் மூஞ்சில வேற எவனோ குடிவந்துட்டான்," என்றான் மூக்கன். "காலி பண்ணச் சொல்லுங்க."

சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

எதிரி ஆற்றைத் தாண்டிவிட்டான் என்று செய்தி வந்த வாரம், பிரிவிலிருந்து எல்லாப் பேனர்களிலும் புதிதாக ஒரு வரி எழுதச் சொல்லி ஆணை வந்தது. எழுத்துக்குக் கட்டம் போட உட்கார்ந்தவள் தாளை வாசித்தாள். "இவன் உங்கள் தெருவில் இருக்கலாம்." நூல் கையிலிருந்து நழுவியது. எழுந்து நேராகப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, மூஞ்சிய மாத்திடலாம். வேற நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றோம்."

"ஏன் மாத்தணும்? இந்த மூஞ்சிய ஜனங்க மனப்பாடம் பண்ணியாச்சு. இப்ப மாத்தினா எந்த மூஞ்சிக்குப் பயப்படறதுன்னு குழம்பிடுவாங்க."

"அது என் தம்பி படம் ஐயா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்தான் மெல்ல மெல்ல ஏறியது.

"எதிரி மூஞ்சி உங்க குடும்பத்துக்கு எப்படி வந்தது? உங்க அப்பா அம்மா வழியில அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது உண்டா?"

விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்து வைத்தாள்.

அன்றே மூக்கனைப் பட்டறைப் பரணில் ஏற்றினார்கள். சுருட்டி வைத்த பழைய பேனர்களுக்குப் பின்னால், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் அகலத்தில் மூன்று வாரம் கிடந்தான். தாடி வளர்ந்தது. ஊரிலோ, யார் மூக்கைப் பார்த்தாலும் இன்னொரு முறை பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. கோதுமை மில்லுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வெளியூர்க்காரனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. செத்தவனுக்குப் புருவம் சேர்ந்திருந்ததாம். அவ்வளவுதான் விவரம்.

மலைப்பக்கத்து ஊரில் அவர்களுக்கு ஒரு சித்தி இருந்தாள். அங்கே பேனர் போகவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்குக் கடைசி பஸ், அதற்குப் பிறகு பாதையை மூடிவிடுவார்கள் என்றார்கள். எப்பாடு பட்டாவது அதில் அவனை ஏற்றிவிட வேண்டும். ஆனால் அடையாள அட்டையில் இருக்கிற படத்துக்கும் ஆளுக்கும் ஒத்துப்போகாவிட்டால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அட்டையில் அவனுக்குத் தாடி இல்லை.

"அவன் தாடிய எடுத்துட்டா பேனர் மாதிரியே ஆயிடுவான்," என்றாள் அவள்.

பேனர்காரர் பரணைப் பார்த்தார். "அப்ப பேனருக்குத் தாடி வெச்சிடுவோம்."

பரணிலிருந்து மூக்கன் சொன்னான்: "மாமா, பதினாறு வருஷத்துல நீங்க பேசின முதல் புத்திசாலித்தனமான பேச்சு இதுதான்."

சிவப்பு, மஞ்சள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தன. கறுப்புக்கு மட்டும் பஞ்சமில்லை. எரிந்த வீடுகளிலிருந்து அள்ளிய கரியை எண்ணெயில் குழைத்தால் போதும். பட்டறையிலிருந்து பஸ் நிலையம் வரை வழியில் ஒன்பது பேனர். ஒன்றுக்கு அரை மணி. காலை பத்துக்குத் தொடங்கினால் இரண்டரைக்குள் முடிந்துவிடும். எதிரியை இன்னும் பயங்கரமாக்குகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம். பிரிவு கொடுத்த வேலைச் சீட்டு கையில் இருந்தது.

"நீ ரெண்டே முக்காலுக்குள்ள அங்க போய்ச் சேரணும்," என்று அவள் தம்பியிடம் சொன்னாள். "வழியில எங்களப் பாத்தா பாக்காத மாதிரி போ. வாயத் திறக்காத."

"வாயத் திறக்காம நானா? அதுக்குப் பதிலா குண்டடியே பட்டுக்கலாம் அக்கா."

"வாயக் கழுவுடா," என்றாள். ஒரு சொம்பு தண்ணீரும் பிளேடும் அவனிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

*

முதல் பேனர் பட்டறை வாசலுக்கு எதிரே. அதில் தொடங்கினார்கள். எங்கே தொடங்குவது என்று இருவரும் யோசிக்கவே இல்லை. முதல் கட்டத்தில்தான் தொடங்குவது என்று பதினாறு வருஷத்துக் கை சொன்னது, ஏணியைச் சாத்தினார்கள். வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று. பேனர்காரர் ஏறி தாடையை மூடுவார், வளைந்த மூக்குக்குக் கீழே மீசையை அடர்த்தியாக இழுப்பார். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கரி குழைப்பாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து, "இன்னும் நல்லா போடுங்க, இன்னும் அசிங்கமா போடுங்க," என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போனார்கள்.

நான்காவது பேனரில் அபாயச் சங்கு ஊதியது. பதுங்குகுழியில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. இருட்டில் அவர் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஓட்டமும் நடையுமாக ஐந்து, ஆறு. ஏழாவது பேனரில் ஏணியைச் சாத்தும்போதே தபால் நிலையக் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியிருந்தது.

அப்போது அவன் வந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம், தோளில் கருவிப் பை. போகிற இடத்தில் வேலை கிடைக்குமென்று அதைக் கொண்டுபோகச் சொன்னது அவள்தான். மூன்று வாரம் வெயில் படாத கன்னம் வெளுத்திருந்தது. சொன்னபடியே பார்க்காத மாதிரி போனான். போகும்போது ஏணியின் கீழ்ப்படியில் ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனான்.

அவள் மேலே பார்த்தாள். பாதித் தாடி. எட்டாவது பேனரை அன்று மதியம் விழுந்த குண்டு கிழித்துவிட்டது என்றார்கள், அது பரவாயில்லை. ஒன்பதாவது பஸ் நிலையத்தில், இருப்பதிலேயே பெரியது. அதில் ஒரு பொட்டுக் கரியும் பட்டிருக்கவில்லை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆறு பேனர்களும் போகிற வழியில் இருப்பவை, நாலு பேர் நின்று பார்ப்பதற்குள் அவன் கடந்து போய்விடலாம். பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருக்கிற இருநூறு பேருக்குக் கண்ணெதிரே பார்க்க இருப்பது அந்த ஒன்றுதான். அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்க வேண்டும். இவ்வளவுதான், இவ்வளவு சின்ன விஷயம். தாடியோடு விட்டிருந்தால்கூட அந்தப் பேனருக்குக் கீழே அவன் வேறு ஆளாக நின்றிருப்பான்.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் தெருவே அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஏணியை விட்டுவிட்டு ஓடினாள். மேலே இருந்தவர் "ஏய், ஏய்" என்று கத்தியது காதில் விழுந்தது.

*

அவள் போய்ச் சேரும்போது வரிசை வட்டமாகியிருந்தது.

நடுவில் மூக்கன் பேசிக்கொண்டிருந்தான். "என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்று சிரிக்கப் பார்த்தான். யாரோ அட்டையைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தான். கொடுக்காமல் இருந்திருக்கலாம். வாங்கினவர் அட்டையை உயர்த்திப் பிடித்துப் பேனரோடு வைத்துப் பார்த்தார். அதே முறைப்பு, அதே சாய்வு, வலது காதில் விழுந்த அதே நிழல். ஒரே புகைப்படம்தானே.

"அட்டையில இருக்கறதும் அவன்தான்! பாருங்க, அச்சு அசல்!"

பையைப் பறித்துக் கொட்டினார்கள். திருகுகள், வாஷர்கள், பித்தளை வால்வு ஒன்று உருண்டோடியது. வட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கி, வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் முன்பைவிட நெருங்கியது.

"அவன் என் தம்பி!" அவள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். "என் கூடப் பிறந்தவன்! குழாய்க்காரன்! அந்தப் படத்த நாங்கதான் வரைஞ்சோம், நான்தான் கட்டம் போட்டேன், இவனப் பாத்துத்தான் வரைஞ்சோம்!"

ஒருத்தர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், கையில் பழக்கூடை இருந்தது. "அப்படின்னா நிஜ எதிரி எப்படி இருப்பான்? சொல்லும்மா. வேற எப்படி இருப்பான்?"

அவளால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடிந்திருக்காது. ஆனால் அந்த நொடி அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும், நீலக்கண் என்றோ நெற்றியில் வெட்டுத்தழும்பு என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். மூக்கன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, நீ போ," என்றான். அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவனுடைய ஸ்பேனரையே யாரோ குனிந்து எடுத்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நினைவு வரும்போது ஒரு பெண் அவளை மடியில் சாய்த்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் தண்ணீர் இல்லாத நேரம். முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"முடிஞ்சுதும்மா. இனிமே பயமில்ல. உங்கள ஏதாவது பண்ணினானா அவன்?"

"என் தம்பி," என்றாள்.

"உங்க தம்பியக் கொன்னவனா? ஐயோ பாவம்." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. "குடிங்க. நல்லா குடிங்க."

வாய் வறண்டிருந்தது. அவள் குடித்தாள். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கியதைக் கடைசிவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு கண்டக்டர் விசில் கொடுத்தார். எல்லோரும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பழக்கூடைக்காரரும் ஏறினார், தண்ணீர் கொடுத்தவளும் ஏறி ஜன்னலிலிருந்து கையசைத்தாள். பஸ் போனது. அதன் பிறகு பஸ் நிலையத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அவள், தரையில் கிடந்த அவன், தாமதமாக வந்து சேர்ந்த போலீஸ்காரர். ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஓடிவந்த பேனர்காரர் நாலாவது ஆளாக நின்றார். ஏணியை இறக்கி வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எட்டி நில்லுங்க," என்றார் போலீஸ்காரர். "சாயங்காலம் லாரி வரும். மத்ததுகளோட சேத்து ஆத்தங்கரையில குழியில போட்டுடுவாங்க."

பேனர்காரர் வாயைத் திறந்தார். "சார், இவன் எங்க..."

அவள் அவர் கையை அழுத்திப் பிடித்தாள். உண்மையை ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைப்பையிலிருந்து பிரிவின் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"விளம்பரப் பிரிவு. எதிரியோட உடம்பு வேணும் சார். பாத்து வரையறதுக்கு."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. போலீஸ்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் பாத்தா வரைவீங்க?"

"ஜாடை வேணும் சார். இல்லாட்டி ஜனங்க நம்ப மாட்டாங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

ஏணியைத் தரையில் படுக்க வைத்து அதன் மேல் அவனைக் கிடத்தினார்கள். ஏணிப்படியில் தொங்கிய, கரி சிந்தாமல் தரையில் விரிக்கிற துணி ஒன்றுதான் இருந்தது. தலை முதல் கால் வரை அதைச் சுற்றி, இடுப்பில் செருகியிருந்த நூலால் கட்டினாள். முன்னால் பேனர்காரர், பின்னால் அவள். நீளமான ஆள், கனத்தான். நேர்வழியில் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்துகளில் போனால்தான் யாராவது சந்தேகப்படுவார்கள்.

தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரர் பாதி மூடிய கதவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, புதுப் பேனரா?"

"ஆமா," என்றார் பேனர்காரர். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"இதுலயும் அந்த நாய்தானா?"

பேனர்காரரின் நடை தடுமாறியது. ஏணி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் அவள் முழங்காலை முட்டுக்கொடுத்து நிமிர்த்திப் பிடித்தாள்.

"இல்லீங்க," என்றாள். "இது நம்ம ஆளு."

"அப்படிப் போடுங்க! நம்ம ஆளையும் நாலு வரைஞ்சாத்தான ஜனங்களுக்குத் தெம்பு வரும். எங்க மாட்டப் போறீங்க?"

அவள் விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. எங்கே புதைப்பது என்று இன்னும் அவர்கள் முடிவு செய்திருக்கவில்லை. "நடங்க," என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். "கீழ வெச்சுடாதீங்க, நடங்க."